மேல் தண்ணி

பேதுரு கிணறு இறக்கப்போகிறார் என்ற கதை வசந்தமலருக்குத் தண்ணி பவுசர் வரிசையில்தான் கிடைத்தது. சொன்னவள் பக்கத்துக் காணி றஞ்சிதம்.

“என்ன மலர், உங்கட வளவில கிணறு வரப்போகுதாமே. எங்களுக்கும் ஒரு வாளி தருவியளோ, இல்லாட்டிப் படலையைச் சாத்திப்போடுவியளோ?”

“ஆரக்கா சொன்னது?”

“ஆர் சொல்லோணும்? உன்ர மாமாவும் ஹமீட் நானாவும் சைக்கிள்ள குழாயைக் கட்டிக்கொண்டு சந்தியால வருகினம். குழாய் முன்னுக்குப் போகுது, சைக்கிள் பின்னுக்குப் போகுது. ரெண்டு கிழவரும் நடுவில நிண்டு சண்டை பிடிக்கினம், வளைவில எப்பிடித் திருப்புறதெண்டு.”

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். வசந்தமலரும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கையிலிருந்த தண்ணிக் கானை அடுத்த கைக்கு மாற்றினாள்.

போன கிழமைதான் அவளுடைய அண்ணன் தனஞ்சயன் நானாட்டானிலிருந்து வந்துவிட்டுப் போயிருந்தான். பேதுரு அந்த நேரம் கடற்கரையில் நின்றார். “லான்ட்மாஸ்ரர் உழவு மிசினில பெட்டி பூட்டிக்கொண்டு வாறன், சாமானைக் கட்டி வை. இந்த மணலுக்குள்ள பிள்ளையை வச்சுக்கொண்டு என்ன செய்யப்போறாய்? குளிக்கத் தண்ணியில்லை, குடிக்கத் தண்ணியில்லை. அங்க வீட்டுக்குப் பின்னால வாய்க்கால் ஓடுது” என்றான். சைவ வீட்டுப் பெட்டை வேதக்காரப் பெடியனை விரும்பிக் கட்டினாள் என்று, நாட்டில் சண்டை முடியும்வரைக்கும் அவளோடு முகம் கொடுத்துப் பேசாத அண்ணன். அவனே தேடி வந்து கூப்பிடுகிறான். அவள் ஓம் என்று சொல்லிவிட்டாள். அதை மாமாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டு திரிந்தாள்.

பேதுரு அவளுடைய புருஷன் றொசாந்தனின் தகப்பன். தாழ்வுபாட்டில் பிறந்து, கல்யாணம் முடித்து விடத்தல்தீவில் தொழில் செய்து, பிறகு சண்டையோடு வன்னிக்குள் இழுபட்டுப் போனவர். வலைஞர்மடத்தில் வந்து விழுந்த ஒரே செல்லில் அவருடைய மனைவி மாக்கிறட்டும் மகன் றொசாந்தனும் செத்துப்போனார்கள். அகதி முகாமிலிருந்து வெளியே விட்டபோது மிஞ்சியது மூன்று பேர். காலுக்குள் செல் துண்டோடு பேதுரு, வசந்தமலர், அவளுடைய மகள் சுவேதினி. போவதற்கென்று இருந்தது பேதுருவின் தகப்பன் தாழ்வுபாட்டில் விட்டுப்போன இந்த மணல் காணி மட்டும்தான். தகரத்தில் ஒரு கொட்டில் அவளுக்கும் பிள்ளைக்கும். அதற்கு எதிரே ஓலைச் சாய்ப்பாக ஒரு பத்தி பேதுருவுக்கு.

இரண்டு தண்ணிக் கானையும் நிரப்பிக்கொண்டு, கால் புதையப் புதைய வீட்டுக்கு வந்தாள். தென்மேற்குச் சோளகம் எழும்பிவிட்டிருந்தது. காற்று மணலைத் தூக்கி எறிந்துகொண்டே இருந்தது. சோற்றில் மணல், பாயில் மணல், பிள்ளையின் காதுக்குள் மணல். வளவுக்குள் இரண்டு குழாய்கள் கிடந்தன, ஒன்று அகலமானது, ஒன்று ஒடுக்கமானது. பக்கத்தில் அடி வெட்டிய தகரப் பீப்பாய்ப் பரல் ஒன்று. பேதுருவின் பத்தி வாசலோடு ஒரு தடி குத்தியிருந்தது.

“ஏன் மாமா, எனக்கொரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா வேண்டாமெண்டுவாய்.”

“இதிலயோ கிணறு? குசினிக்குக் கிட்டப் போட்டா என்ன? இது நீங்கள் படுக்கிற இடம். ஊத்தைத் தண்ணியெல்லாம் காலுக்குள்ள நிக்கும்.”

“இஞ்சதான்.”

பரலை உருட்டிக்கொண்டு நின்ற சாஹுல் ஹமீட் தொப்பியைக் கழற்றி மணலைத் தட்டினார். “விடு பிள்ளை. இந்த மனுசன் வலை போடுற இடத்தையே ஆர் சொல்லியும் மாத்தினதில்லை. மீன் இல்லாத இடத்தில போட்டுப்போட்டு, மீனுக்குத்தான் புத்தியில்லையெண்டு ஏசுவான்.”

“அந்த மீனை வித்துத்தானே நீ கலியாணம் முடிச்சனி.”

“அதாலதான் பொம்பிளை கடைசிவரைக்கும் என்னை ஏசிக்கொண்டிருந்தவ.”

ஹமீட் இளவயதில் பேதுருவின் கரைவலையில் மீன் எடுத்து மன்னார் சந்தையில் விற்றவர். தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம் சனம் எல்லோரையும் போகச் சொன்னபோது உடுத்த சாரத்தோடு புத்தளம் போனார். சண்டை முடிந்து, நரைத்த தாடியோடு திரும்பி வந்து எருக்கலம்பிட்டியில் இருக்கிறார். கற்பிட்டி மணலில் வெங்காயத் தோட்டக்காரர்களுக்குக் குழாய் இறக்கிக் கொடுத்ததுதான் அங்கே அவருடைய தொழில். “இருவது வருசம் அகதியாயிருந்து நான் படிச்சது இது ஒண்டுதான்” என்பார். அதை யாரையும் குத்துவதற்காகச் சொல்ல மாட்டார். ஆனாலும் அப்படிச் சொல்லும்போது பேதுரு வேறு பக்கம் பார்ப்பார்.

ஒடுக்கமான குழாயின் அடியில் இரும்பறுக்கிற வாளால் கீறல் கீறலாக வெட்டினார்கள். தண்ணீர் உள்ளே வரவேண்டும், மணல் வரக்கூடாது. அதற்குச் சுற்றிக் கட்ட நெருக்கமான வலைத்துணி வேண்டும்.

“மீன் வலை சரிவராது. நுளம்பு வலை இருந்தா நல்லது” என்றார் ஹமீட்.

வசந்தமலர் உள்ளே போய் முகாமில் கொடுத்த நுளம்பு வலையை எடுத்து வந்தாள்.

“பிள்ளை எதுக்குள்ள படுக்கிறது?” என்றார் பேதுரு.

“பரவாயில்லை மாமா. காத்துக்கு நுளம்பு நிக்காது.”

கத்தரிக்கோலை வைத்தபோது, எப்படியும் சுவேதினி இனி நானாட்டானில் வேறு வலைக்குள்தானே படுக்கப்போகிறாள் என்று மனம் சொல்லிற்று. நேராக வெட்டினாள். வெட்டி முடித்த பிறகு, அந்த வீட்டிலிருந்து எதையோ களவெடுத்தவள் போல நின்றாள். பேதுரு துணியை வாங்கிக் குழாயில் மூன்று சுற்றுச் சுற்றி, வலை பொத்துகிற அதே பொறுமையோடு தங்கூசி நூலால் இறுக்கிக் கட்டினார். முடிச்சுகள் எல்லாம் ஒரே இடைவெளியில் வந்தன.

மறுநாள் காலை தொடங்கினார்கள். வசந்தமலர் ஒரு தேங்காய் உடைத்தாள். பேதுரு கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தைத் தெளித்தார். ஹமீட் பிஸ்மில்லா சொல்லிவிட்டு, “மூண்டு பக்கத்தாலயும் சொல்லியாச்சு. இனித் தண்ணி வராட்டி எங்கட பிழையில்லை” என்றார்.

முதலில் கையால் கிண்டவேண்டும். மண் ஈரமாகிக் கரை சரியத் தொடங்கும்போது பரலை இறக்கிக் கரையை மறிக்கவேண்டும். பிறகுதான் குழாய். பேதுருதான் இறங்கினார். நல்ல காலை ஊன்றி, நோகிற காலைச் சாய்த்து வைத்துக்கொண்டு வெட்டினார். மேலே நின்று வசந்தமலர் மண்ணைத் தாச்சியில் வாங்கிக் கொட்டினாள். காற்று பாதியைத் திரும்பக் குழிக்குள்ளேயே கொண்டுவந்து போட்டது. சுவேதினி குழிக்குள் எட்டிப் பார்த்து, “அப்பப்பா, கடல் தெரியுதோ?” என்று கேட்டாள்.

“இன்னும் இல்லை. நண்டு ஒண்டு வணக்கம் சொல்லிப்போட்டுப் போகுது.”

இடுப்பளவு போனதும் பேதுரு மண்வெட்டியை நிறுத்தினார்.

“காணும், இவ்வளவும் போதும்” என்றார்.

“என்ன காணும்? இன்னும் நனையவேயில்லை” என்றார் ஹமீட்.

பேதுரு குழியின் ஓரத்தில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, தான் நிற்கும் இடத்தைப் பார்த்தபடி நின்றார். மேலே நின்ற வசந்தமலருக்கு விளங்கிவிட்டது. அந்தக் குழியின் நீளமும் இல்லை, அகலமும் இல்லை. ஆழம் மட்டும் அதே ஆழம். வலைஞர்மடத்து மணலில் மனைவிக்கும் மகனுக்குமாக அவர்தான் புதைகுழி கிண்டினார். மண்வெட்டி இருக்கவில்லை. சோற்றுப் பானையின் மூடியால் கிண்டினார். அதற்குக் கீழே போக செல்லடி விடவில்லை.

“மாமா, மேல வாங்கோ. தேத்தண்ணி ஆறுது.”

கையை நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டு ஏறினார். அவள் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கி மண்வெட்டியை எடுத்தாள். ஹமீட் பரலின் விளிம்பு சரியாக வெட்டவில்லையென்று அதை விற்ற மனிதனை உரத்த குரலில் ஏசத் தொடங்கினார்.

நாலைந்து வெட்டு வெட்டியிருப்பாள். மண்வெட்டி எதிலோ பட்டது. மண்ணுக்குள் எலும்பு போல வெள்ளையாக ஒன்று வளைந்து தெரிந்தது. அவள் அசையவில்லை. மேலே ஏச்சு நின்றது. பேதுரு தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். குனிந்து விரலால் மண்ணைத் தட்டிவிட்டுப் பார்த்தாள்.

“சங்கு” என்றாள்.

மூன்று பேரும் மூச்சு விட்டார்கள். சுவேதினி தனக்குத் தரச்சொல்லிக் கை நீட்டினாள்.

பரலை இறக்கிய பிறகு வேலை இலகுவாயிற்று. அகலக் குழாயை நடுவில் நிறுத்தி, அடியில் செருப்பு றப்பரால் மூடி வைத்த ஒரு சின்னக் குழாயைக் கயிற்றில் கட்டி அதற்குள் விட்டுக் குத்தினார் ஹமீட். கீழே போகும்போது றப்பர் திறக்கும், மண்ணும் தண்ணீரும் உள்ளே வரும். தூக்கும்போது மூடிக்கொள்ளும். வெளியே கொட்டக் கொட்ட அகலக் குழாய் தன் பாட்டில் இறங்கியது. பேதுருவும் வசந்தமலரும் குறுக்குத்தடி கட்டி இரண்டு பக்கமும் பிடித்து அதைத் திருகினார்கள். கொட்டிய தண்ணீரை ஹமீட் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். இன்னொரு முறை வைத்தார். குழாயில் கரியால் ஒரு கோடு கீறினார்.

“இவ்வளவுதான். இந்தக் கோட்டுக்குக் கீழ ஒரு சாண் கூடப் போகப்படாது. இஞ்ச மேல் தண்ணிதான் நல்ல தண்ணி. மழைத் தண்ணி கடல் தண்ணிக்கு மேல எண்ணெய் மாதிரி மிதக்குது. கீழ போனா நீ கடலுக்குத்தான் குழாய் போடுறாய்.”

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. அதற்குப் பிறகு ஊரில் ஒரு கல்யாண வீடும் இருந்தது. உள் குழாயை எப்படி இறக்குவது, வெளிக் குழாயை எப்படி இழுத்தெடுப்பது, பழைய கைப்பம்பை எப்படிப் பூட்டுவது என்று பேதுருவுக்கு மூன்று தரம் சொல்லிவிட்டு ஹமீட் சைக்கிளில் ஏறினார்.

வசந்தமலர் சின்னக் குழாயை விட்டு ஒரு தடவை தூக்கிப் பார்த்தாள். தண்ணீர் கொஞ்சமாகத்தான் வந்தது. அவளுக்கு அது போதவில்லை. நானாட்டானில் அவளுடைய தகப்பன் வெட்டிய கிணறு களிமண்ணைத் தாண்டி, சுக்கான் கல்லைத் தாண்டி, ஆள் இறங்கினால் தலை தெரியாத ஆழத்துக்குப் போனது. போகப் போகத்தான் ஊற்றுப் பெருகியது, போகப் போகத்தான் தண்ணீர் இனித்தது. வயல்காரரின் பிள்ளைக்குக் கிணறு என்றால் அதுதான்.

“மாமா, இன்னும் ஒரு முழம் விட்டுப் பாப்பமே?”

“நானா கோடு போட்டிருக்கிறார், பிள்ளை.”

“நானா வெங்காயத்துக்குப் போட்ட கோடு. இது மனிசர் குடிக்க, குளிக்க. இதுக்குக் காணாது மாமா.”

பேதுரு அவளைப் பார்த்தார். பிறகு கோட்டைப் பார்த்தார். “சரி” என்றார்.

ஒரு முழம் இரண்டு முழமாயிற்று. வலை சுற்றிய குழாயை உள்ளே இறக்கி வெளிக் குழாயை இழுத்தெடுத்தபோது நாலு பக்கத்து மணலும் சரிந்து வந்து உள் குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பம்பைப் பூட்டி, தொண்டைக்குள் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, வசந்தமலர் கைப்பிடியை அமத்தினாள். முதலில் சேறு. பிறகு கலங்கல். பிறகு தெளிந்த தண்ணீர், மணிக்கட்டுத் தடிப்புக்கு. வாயில் விட்டுப் பார்த்தாள். நல்ல தண்ணி.

றஞ்சிதம் வாளியோடு ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் வந்தார்கள். பின்னேரம் முழுவதும் வளவு குளித்தது. சுவேதினியின் தலையில் வாளி வாளியாக ஊற்றி, சோப்புப் போட்டு, திரும்பவும் ஊற்றினாள். பேதுரு வாங்கில் இருந்து, ஒவ்வொருவரும் பம்பை அடிப்பதை வலைக்குள் மீன் விழுவதைப் பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் அந்தத் தண்ணீரில்தான் தேநீர் வைத்தாள். பேதுரு பனங்கட்டியை ஒரு கடி கடித்து, தேநீரை ஒரு மிடறு குடித்து, வழமைபோலவே குடித்து முடித்தார். குவளையைக் கவிழ்த்து வைத்தார். அதற்குப் பிறகுதான் அவள் தன்னுடையதை வாயில் வைத்தாள். அப்படியே துப்பினாள்.

“மாமா! எப்பிடிக் குடிச்சனீங்கள்? உப்பாக் கரிக்குது!”

“வள்ளம் பிரண்டு குடிக்காத உப்பே?”

“சொல்லியிருக்கலாமே.”

“காலமை எழும்பி நீ போட்டுத் தாறாய். கரிக்குதெண்டு எப்பிடிப் பிள்ளை சொல்லுறது.”

ஓடிப்போய்ப் பம்பை அடித்தாள். அடித்து அடித்து நாலு தரம் வாயில் விட்டுப் பார்த்தாள். பிறகு ஈர மணலில் இருந்துவிட்டாள்.

“என்னாலதான். நானா சொல்லிப்போட்டுப் போனவர். நான்தான் கீழ போகச் சொன்னனான்.” சட்டென்று அவளுக்குக் கோபம் வந்தது. “நீங்கள் இஞ்ச பிறந்தனீங்கள். உங்களுக்குத் தெரியும்தானே?”

“தெரியும்.”

“பிறகேன் ஓம் எண்டனீங்கள்?”

பேதுரு பனங்கட்டித் துண்டை எறும்பு மொய்க்காமல் சிரட்டைக்குள் வைத்து மூடினார். “நீ போகப்போறாய், பிள்ளை. இனி எத்தினை தரம் என்னட்ட ஒண்டைக் கேக்கப்போறாய்? கேட்டதுக்கு இல்லையெண்டு சொல்ல வாய் வரேல்லை.”

பம்பின் வாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

“ஆர் சொன்னது?”

“சுவேதினி. அங்க வாய்க்காலில தாமரைப்பூ இருக்காம். தனா மாமா பிடுங்கித் தருவாராம். என்னையும் வரட்டாம், வரேக்க வலையையும் கொண்டு வரட்டாம்.” லேசாகச் சிரித்தார். “உன்ர அண்ணன் வந்திட்டுப் போன அண்டைக்கே சொல்லிப்போட்டாள்.”

“அப்ப தெரிஞ்சுகொண்டுதான் கிணறு தொடங்கினீங்கள். என்னை மறிக்கிறதுக்கு.”

இந்த இரண்டு நாளும் அவள் நெஞ்சில் கிடந்தது இதுதான். மண் சுமந்தபோதும், குழாயைத் திருகியபோதும், இந்தக் கிழவர் எனக்காக இவ்வளவு பாடுபடுகிறாரே, நான் விட்டுவிட்டுப் போகப்போகிறேனே என்று அழுகையும், என்னைக் கட்டிப்போடப் பார்க்கிறாரே என்று எரிச்சலும் மாறி மாறி வந்தன. பேதுரு அவளை ஆச்சரியமாகப் பார்த்தார்.

“உன்னை மறிக்கவோ? ஏன் மறிக்கோணும்? இளம் பிள்ளை. உன்ர சகோதரம் வந்து கூப்பிடுது. போகத்தானே வேணும். நீ போனாப் பிறகு ஆர் எனக்குத் தண்ணி தூக்குறது? இந்தக் காலோட பவுசருக்குப் பின்னால ஓடேலுமோ? அதுதான் படுக்கிற இடத்தோட போட்டனான். பாயில கிடந்து கையை நீட்டினாப் பிடிபடோணும்.”

வசந்தமலருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பத்தி கண்ணுக்குள் வந்தது. பாயில் தனியாகக் கிடந்து, ஒரு கை மட்டும் வெளியே நீண்டு, இருட்டுக்குள் பம்பைத் தேடுவது. சிரிப்பு நின்றுவிட்டது.

“அப்ப இது எனக்காக வெட்டின கிணறில்லை.”

“கோவிக்காதை, பிள்ளை.”

“கோவிக்கேல்லை. நல்ல யோசனைதான். கையை நீட்டுவீங்கள், உப்புத் தண்ணி பிடிபடும். கரிக்குதெண்டும் ஆருக்கும் சொல்ல மாட்டீங்கள். குடிச்சுக்கொண்டே கிடப்பீங்கள்.” எழுந்து பாவாடையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். “நான் எருக்கலம்பிட்டிக்குப் போறன். நானாவைக் கூட்டிக்கொண்டு வாறன்.”

ஹமீட் கல்யாண வீட்டுச் சாப்பாட்டின் களைப்போடு வந்தார். ஒரு சொட்டை நாக்கில் வைத்தவுடன் முகம் சுருங்கியது. “கோட்டைத் தாண்டினது ஆர்?”

“நான்தான்” என்றார் பேதுரு.

“நான்தான் நானா” என்றாள் வசந்தமலர்.

“ரெண்டு பேருமாப் போட்டி போடாதேங்கோ. நேற்று இறைச்ச இறைவையில மேல் தண்ணி முடிஞ்சு கடல் தண்ணி ஏறிட்டுது. ரெண்டு முழம் மேல தூக்கினாச் சரி. ஆனா மண் இறுக்கிப்போட்டுது. வெடுக்கெண்டு இழுத்தா மூட்டு கழண்டு குழாய் கீழேயே நிண்டிடும். பிறகு எல்லாத்தையும் முதலில இருந்து தொடங்கோணும், குழாயும் இல்லை.”

பேதுரு காலை நொண்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனார். சோளகக் கடலில் வலை இறக்க முடியாமல் கரைவலைக்காரர் பனைக்குக் கீழே சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு, வலைக் கயிறும் கப்பியும் மூன்று நீட்டுத் தடியுமாகத் திரும்பி வந்தார். தடிகளை முக்காலி போல நிறுத்திக் கப்பியைத் தூக்கினார்கள். பேதுரு குழாயில் சாக்குத் துண்டைச் சுற்றி, அதற்கு மேலே கயிற்றை இழுக்க இழுக்க இறுகும் முடிச்சாகப் போட்டார். கயிறு கப்பியால் ஏறி இறங்கி வளவைத் தாண்டி வேலி வரைக்கும் போயிற்று.

அந்த நேரம்தான் ஒழுங்கையில் லான்ட்மாஸ்ரர் சத்தம் கேட்டது. தனஞ்சயன் வெறும் பெட்டியோடு வந்து இறங்கினான்.

“என்ன இது, தேரே இழுக்கிறியள்?”

“குழாய் தூக்குறம், அண்ணா. கீழ போயிட்டுது.”

அவன் சுற்றிப் பார்த்தான். “இதுக்கேன் இவ்வளவு சனம்? கயிற்றைக் கொண்டுவாங்கோ, லான்ட்மாஸ்ரரில கொழுவி ஒரு இழுவை இழுப்பம். வயலில மரக்குத்தியையே பிடுங்கிற மிசின்.” கயிற்று நுனியை எடுத்துக்கொண்டு நடந்தேவிட்டான். கரைவலைக்காரர் பேதுருவைப் பார்த்தார்கள். பேதுரு வசந்தமலரைப் பார்த்தார். அவளுடைய அண்ணன், விருந்தாளி, அவர் என்னவென்று சொல்வார்?

வசந்தமலர் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தாள். “விடுங்கோ அண்ணா. முறிஞ்சுபோம். இதுக்கு மிசின் வேண்டாம்.”

“முறிஞ்சா முறியட்டுமே. இனி ஆருக்கு?”

“விடுங்கோ எண்டுறன்!”

அவள் அண்ணனிடம் அப்படி ஒரு நாளும் பேசியதில்லை. கல்யாணம் செய்யப்போகிறேன் என்று சொன்ன நாளில்கூடக் குனிந்துகொண்டுதான் சொன்னாள். தனஞ்சயன் கயிற்றை விடவில்லை. ஆனால் லான்ட்மாஸ்ரர் பக்கம் போகவுமில்லை.

“தம்பி, அப்பிடியே வாலில பிடியுங்கோ” என்றார் பேதுரு மெதுவாக. “நான் சொல்லேக்க மட்டும் சாயோணும். கையால இழுக்கக் கூடாது. உடம்பைக் குடுக்கோணும். நிறைஞ்ச வலை மாதிரி, தானா வரோணும்.”

பம்பைக் கழற்றினார்கள். பேதுரு குழாயோடு குந்தியிருந்து, ஒரு உள்ளங்கையை அதில் வைத்துக்கொண்டு குரல் எடுத்தார். கரைவலைக்கு இழுக்கிற அதே அம்பாப் பாட்டுத்தான். சொல்லை மட்டும் அந்த இடத்திலேயே கட்டினார்.

“நானாட்டான் தம்பி வந்தார்...”

“ஏலோ!” என்று எல்லோரும் சாய்ந்தார்கள்.

“நெல்லுச் சோறு திண்டு வந்தார்...”

“ஏலோ!”

“கையில பலம் இருக்கோ...”

“ஏலோ!”

“கல்யாண வீட்டு நானா... புரியாணியைக் காட்டு...”

சிரிப்பில் கயிறு தளர்ந்தது. பேதுரு ஏசினார். திரும்பச் சாய்ந்தார்கள். தனஞ்சயனின் முகம் முதலில் கறுத்துத்தான் இருந்தது. நாலாம் அடியில் அவனும் ஏலோ போட்டான். மண் இம்மி இம்மியாக விட்டது. ஓரிடத்தில் பேதுரு கையை உயர்த்தினார், எல்லோரும் கயிற்றைப் பிடித்தபடி நின்றார்கள். உள்ளே மணல் தன்னைச் சரிசெய்துகொள்ள விட்டு, திரும்பவும் தொடங்கினார். ஹமீட் முழக்கோலைப் பிடித்துக்கொண்டு நின்று, “வந்தது, வந்தது, அல்லாவே, நிப்பாட்டு!” என்று கத்தினார்.

பம்பைப் பூட்டியதும் உப்புத்தான் வந்தது. “அவசரப்படாதேங்கோ. குழம்பிக் கிடக்கு” என்றார் ஹமீட். வசந்தமலர் மெதுவாக அடித்தாள். வாளி வாளியாக இறைத்து வாய்க்கால் போல வெட்டிய கானால் வேலிக்கு வெளியே விட்டார்கள். கரைவலைக்காரர் ஒவ்வொருவராகக் கையேந்திப் பார்த்து, தலையாட்டி, பனைக்குக் கீழே போய், திரும்பவும் வந்து பார்த்தார்கள். வெயில் சாயத் தொடங்கியபோது கரிப்பு குறைந்து குறைந்து, நாக்கின் ஓரத்தில் மட்டும் நின்று, பிறகு அங்கேயும் இல்லாமல் போயிற்று.

“இனி இதோட முரட்டுத்தனம் பண்ணப்படாது” என்றார் ஹமீட். “ஒரேயடியா இறைக்காமல் கொஞ்சம் கொஞ்சமா எடுங்கோ. மேல் தண்ணி அப்பிடியே நிக்கும்.”

வசந்தமலர் செம்பில் பிடித்து அண்ணனுக்குக் கொடுத்தாள். அவன் கயிறு உரசிச் சிவந்த கைகளால் வாங்கி ஒரே மூச்சில் குடித்தான். “மண் மணக்குது” என்றான். செம்பைத் திரும்ப நீட்டினான், இன்னும் வேண்டும் என்பதுபோல.

குடித்து முடித்து வானத்தைப் பார்த்தான். “சரி மலர், இருட்டமுதல் பாலம் தாண்டோணும். சாமானை ஏத்து.”

பேதுருதான் எழுந்தார். கொட்டிலுக்குள் போய், அவள் துணிமணி அடுக்கிக் கட்டி வைத்திருந்த றங்குப் பெட்டியைத் தூக்கி, இடுப்பில் அண்டக் கொடுத்துக்கொண்டு, நொண்டி நொண்டி லான்ட்மாஸ்ரர் பக்கம் நடந்தார். மணலில் ஒரு கால் ஆழமாகவும் மற்றக் கால் கோடாகவும் பதிந்தது.

“அதை வையுங்கோ, மாமா.”

அவர் நின்றார்.

“பாரம். கீழ வையுங்கோ.” வசந்தமலர் அண்ணன் பக்கம் திரும்பினாள். “அண்ணா, திரும்பி வரேக்க லான்ட்மாஸ்ரர் பெட்டியில கட்டுக்கரைக் குளத்து மண் ஏத்திக்கொண்டு வாறியளோ? குளம் வத்திக் கிடக்கிற நேரம்தானே. இந்த மணலில தண்ணி ஊத்தினாலும் ஒண்டும் நிக்காது. நாலு கத்தரி, ரெண்டு பாத்தி மிளகாய் வைக்கலாம்.”

“உன்னை ஏத்த வந்தனான். நீ மண் ஏத்தச் சொல்லுறாய்.”

“ஓம்.”

“உனக்குப் பைத்தியமே? இந்தத் தண்ணியை நம்பியோ இருக்கப்போறாய்? நாளைக்குத் திரும்ப உப்பாப்போனா?”

“இன்னும் ஒரு சாண் தூக்குவம். நீங்களும் வந்து ஏலோ போடுங்கோ.”

அவனுக்குச் சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியவில்லை. “அம்மா வாசலைப் பாத்துக்கொண்டிருக்கப்போறா. அவவுக்கு நான் என்ன சொல்லுறது?”

வசந்தமலர் அவன் கையிலிருந்த செம்பை வாங்கிக்கொண்டாள். “அம்மாவையும் ஏத்திக்கொண்டு வாங்கோ. மண்ணுக்கு மேல சாக்கை விரிச்சு இருத்திக் கொண்டு வாங்கோ. வந்து பேத்தியோட ரெண்டு நாள் நிண்டிட்டுப் போகட்டும். நான் வரமாட்டனெண்டில்லை, அண்ணா. வருவன். வந்து நிண்டிட்டு வீட்டை வருவன்.”

‘வீட்டை’ என்று சொன்னபோது அவளுடைய கை பத்திப் பக்கம் காட்டியது. அது தனஞ்சயனுக்குத் தெரிந்தது. அவன் சிவந்த உள்ளங்கையைத் தேய்த்தான்.

“எவ்வளவு மண் வேணும்?” என்று கேட்டான்.

பேதுரு றங்குப் பெட்டியை மெதுவாக மணலில் இறக்கி வைத்தார். முக்காலியிலிருந்து அவிழ்த்த தடிகளில் ஒன்றை எடுத்தார். பம்புக்குக் கொஞ்சம் தள்ளி மணலில் தடியை ஊன்றி, அதை இழுத்துக்கொண்டு நடந்தார். வேலி வரைக்கும் போனார். திரும்பி, வேலியோடு சரிந்து, கொட்டிலின் பின்பக்கத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார். நடுவில் ஒரு தரம் நின்று யோசித்து, கீறிய கோட்டைக் காலால் அழித்துவிட்டு இன்னும் வெளியே தள்ளிக் கீறினார்.

“மாமா, அவ்வளவுக்கு ஒரு பெட்டி மண் காணாது” என்றான் தனஞ்சயன்.

பேதுரு நிமிரவில்லை. கோட்டை இழுத்துக்கொண்டே போனார்.